முதல் காட்சியை வெட்டாதீர்கள்

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘காக்கேசிய வெண்கட்டி வட்டம்’ நாடகத்தைப் போடலாம் என்று எந்தக் குழு உட்கார்ந்தாலும் பிரதியில் முதலில் அடிபடுவது அந்த முதல் காட்சிதான். ஆளுநர் மனைவி விட்டுப்போன குழந்தையை எடுத்து வளர்க்கும் வேலைக்காரி குரூஷா போதும், வட்டம் போட்டுக் குழந்தையை நடுவில் நிறுத்திப் பெற்றவளையும் வளர்த்தவளையும் இழுக்கச் சொல்லும் நீதிபதி அஸ்டாக்கின் நீதிமன்றம் போதும், கூட்டுப் பண்ணைக்காரர்கள் உட்கார்ந்து பள்ளத்தாக்கு யாருக்கு என்று பேசுவதை எவன் கேட்பான் என்பார்கள். சென்னையில் போடுகிறவர்கள் இப்படிச் சொன்னால் பேசாமல் விட்டுவிடலாம். திருவாரூர், மன்னார்குடி, நாகைப் பக்கம் போட நினைக்கிறவர்களும் இதையே சொல்வதுதான் உறுத்துகிறது. உலகத்தில் வேறு எந்த ஊரையும்விட அந்தக் காட்சி நம் ஊரில்தான் உடனே உறைக்கும். உறைப்பது பிரெக்ட் நினைத்த விதமாக இருக்காது என்பது வேறு விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

காட்சி இதுதான். ஹிட்லரின் படை விரட்டப்பட்ட பிறகு, ஜார்ஜியாவில் இடிந்து கிடக்கும் ஒரு கிராமத்தில் இரண்டு கூட்டுப் பண்ணைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆடு வளர்க்கிறவர்கள். பள்ளத்தாக்கு அவர்களுடையது, போர் வந்ததும் அரசு அவர்களைக் கிழக்கே அனுப்பிவிட்டது, இப்போது திரும்பி வர வேண்டும் என்கிறார்கள். மறுபக்கம் பக்கத்துப் பழத்தோட்டக்காரர்கள். ஆட்டுக்காரக் கிழவர் பாலாடைக்கட்டியைக் கொடுத்துத் தின்று பார்க்கச் சொல்கிறார். புது இடத்துப் புல் ஆட்டுக்குப் பிடிக்கவில்லை, அதனால் கட்டியிலும் பழைய ருசி இல்லை என்பது அவர் வாதம். பழத்தோட்டக்காரர்களில் வேளாண்மை படித்த ஒரு பெண் வரைபடத்தை விரிக்கிறாள். மலை ஏரிக்கு அணை கட்டினால் 300 ஹெக்டேர் தரிசு பாசனம் பெறும், பழத்தோடு திராட்சையும் போடலாம். இந்தப் பள்ளத்தாக்கும் சேர்ந்தால்தான் கணக்கு கட்டும். மலையில் ஒளிந்திருந்து சண்டை போட்ட நாட்களில் தீட்டிய திட்டம் அது. பென்சில் கிடைப்பதே பெரும்பாடாக இருந்ததாம். ஆட்டுக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொள்கிறார்கள். அதைக் கொண்டாடத்தான் பாடகர் அர்க்காடி தன் குழுவோடு பழைய கதை ஒன்றை நடத்துகிறார். எவ்வளவு நேரம் ஆகும், ராத்திரியே ஊர் திரும்ப வேண்டும் என்று வந்திருக்கும் அதிகாரி கேட்கிறார். சுருக்க முடியுமா? முடியாது என்கிறார் பாடகர். அந்த ஒரு பதிலையாவது நம் இயக்குநர்கள் காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

வெட்டியவர்கள் யார், ஏன்

வெட்டுகிற பழக்கம் நம்முடையதல்ல. நாடகம் 1944இல் கலிபோர்னியாவில், பிரெக்ட் அகதியாக இருந்தபோது எழுதப்பட்டது. பிராட்வேயில் போடத்தான் ஏற்பாடு, நடக்கவில்லை. 1947 அக்டோபர் 30 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு, நீர் கம்யூனிஸ்ட்டா என்று கேட்டது. மறுநாளே அவர் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறிவிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம், மின்னசோட்டா மாநிலத்தின் நார்த்ஃபீல்டு என்ற சிற்றூரில், கார்ல்டன் கல்லூரி மாணவர்கள் எரிக் பென்ட்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஜெர்மன் நாடகங்களில் ஒன்று முதலில் ஒலித்தது ஆங்கிலத்தில், அதுவும் மாணவர்கள் வாயால். அதே ஆண்டு வெளியான ஆங்கிலப் புத்தகத்தில் முதல் காட்சி இல்லை. சோவியத் கூட்டுப் பண்ணைக்காரர்கள் சிரித்துப் பேசும் காட்சியை அன்றைய அமெரிக்காவில் அச்சிட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஜெர்மன் மொழியில் அது மேடைக்கு வந்தது ஆறு ஆண்டுகள் கழித்து, 1954 அக்டோபர் 7 அன்று, கிழக்கு பெர்லினில். பிரெக்டின் சொந்தக் குழுவான பெர்லினர் ஆன்சாம்பிள், அவரே இயக்கம். பல மாத ஒத்திகை. அங்கே முதல் காட்சி இருந்தது. 1955இல் மேற்கு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் ஹாரி புக்விட்ஸ் போட்டபோது அது போய்விட்டது. ஆக எல்லைக்கு அந்தப் பக்கம் காட்சி உண்டு, இந்தப் பக்கம் கிடையாது. வெட்டுக்குக் காரணம் கலையல்ல, காலம். அந்தக் காலம் போய்விட்டது. வெட்டு மட்டும் தங்கிவிட்டது. இன்று வெட்டுகிறவர்களைக் கேட்டால் ‘பிரசாரம்’, ‘ஒட்டவில்லை’, ‘இழுக்கிறது’ என்பார்கள். முழு நாடகம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். இந்தக் காட்சி பத்துப் பன்னிரண்டு நிமிடம். இழுப்பது இதுவல்ல.

வெட்டினால் என்ன கெடுகிறது என்பதைக் கடைசிப் பாட்டில் பார்க்கலாம். குழந்தை, தாய்மை உள்ளவர்களுக்கு, அது நன்றாக வளர. வண்டி, நல்ல வண்டிக்காரனுக்கு, அது ஒழுங்காக ஓட. பள்ளத்தாக்கு, தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு, அது விளைய. பாடகர் இதைத்தான் பாடி முடிக்கிறார். முதல் காட்சி இல்லாவிட்டால் எந்தப் பள்ளத்தாக்கு, யார் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் என்று பார்வையாளருக்குத் தெரியாது. அதனால் அந்த வரியையும் வெட்ட வேண்டி வரும். வண்டியும் கூடவே போகும். மிஞ்சுவது குழந்தை ஒன்றுதான். நாடகம் தாய்ப்பாசக் கதையாகச் சுருங்கிவிடும். தமிழில் அந்தக் கதைக்குப் பஞ்சமே இல்லை, பிரெக்ட் வந்து சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் கோடு போட்டுக் குழந்தையை இழுக்கச் சொல்லும் சோதனை பௌத்த ஜாதகக் கதையிலேயே இருக்கிறது. சீனத்தில் யுவான் காலத்து நாடகத்திலும் இருக்கிறது. அங்கெல்லாம் கையை விடுகிறவள் பெற்றவள். பிரெக்ட் அதைத் தலைகீழாக்கினார். பெற்றவள் இழுக்கிறாள், வளர்த்தவள் விடுகிறாள். ஏன் தலைகீழாக்கினார் என்பதற்கான பதில் முதல் காட்சியில்தான் இருக்கிறது. நிலத்துக்கும் பட்டா முக்கியமல்ல, பாடுபட்டது யார் என்பதே கேள்வி.

கடைமடையிலிருந்து கேட்டால்

பெர்லினிலோ பாரிஸிலோ அந்தப் பெண் வரைபடத்தை விரித்து ‘மலை ஏரிக்கு அணை’ என்று சொன்னால், பார்வையாளர் காதில் விழுவது முன்னேற்றம். இதே வசனத்தை வேதாரண்யத்திலோ தலைஞாயிறிலோ சொல்லிப் பாருங்கள். மேலே ஒருவன் அணை கட்டினால் கீழே இருப்பவன் கதி என்ன என்ற கேள்விதான் முதலில் எழும். 1924 காவிரி ஒப்பந்தத்தில் தொடங்கி, 1990இல் நடுவர் மன்றம், 2007இல் 192 டி.எம்.சி., 2018இல் உச்ச நீதிமன்றம் குறைத்த 177.25 டி.எம்.சி. என்று எண்களாகவே வாழ்ந்த மக்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால்கூடக் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்து, தண்ணீர் தங்கள் வயலை எட்டுவதற்குள் நாற்றங்கால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள். ஓர் அணை விவகாரம் பத்து நிமிடத்தில், பாலாடைக்கட்டி தின்றபடி தீருவதை அவர்கள் கைதட்டி ரசிக்கப் போவதில்லை.

என் கணிப்பில் நாடகம் உயிர் பெறும் இடமே இதுதான். பிரெக்டின் பிரதியில் அணைக்குக் கீழே யாருமே இல்லை. மலை ஏரி, தரிசு, பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். கீழே இருப்பவனின் கேள்வி நாடகத்துக்குள் இல்லாததால் அதைப் பார்வையாளர் கொண்டுவருகிறார். மூன்று மணி நேரம் கழித்து ‘தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு’ என்று பாடகர் முடிக்கும்போது, தலையாட்டுவதற்குப் பதில் கூட்டம் கணக்குப் பார்க்கும். யார் பாய்ச்சுகிறவர்? இங்கே நிலம் கோயில் பேரிலோ மடத்தின் பேரிலோ இருக்கும். குத்தகைக்காரர் ஒருவர். வரப்பு வெட்டி மடை திருப்பும் ஆள் வேறு ஒருவர். மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவது லஸ்கர். அணையில் எவ்வளவு விடுவது என்று தீர்மானிப்பது எங்கோ இருக்கும் ஆணையம். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் முதலில் தஞ்சை மாவட்டத்துக்கென்றே வந்தது. 1968 டிசம்பர் 25இல் கூலித் தகராறு முற்றிக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்த மண்ணில் ‘நிலம் யாருக்கு’ என்று ஒருவர் மேடையில் பாடினால், ஆமாம் போடுகிறவர்களும் எழுந்து போகிறவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். இதைவிட நல்ல பார்வையாளர் கூட்டம் பிரெக்டுக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

உடனே ஒரு ஆசை வரும். ஆட்டுக்காரர்களைக் கர்நாடகமாகவும் பழத்தோட்டக்காரர்களைத் தஞ்சாவூராகவும் மாற்றிவிட்டால் என்ன? செய்யவே கூடாது. மாற்றிய நொடியில் ஒரு பக்கம் வில்லன் ஆகிவிடும். காட்சியின் பலமே இரு பக்கமும் சிரித்துக்கொண்டு சண்டை போடுவதுதான். ஜார்ஜியா ஜார்ஜியாவாகவே இருக்கட்டும், பெயர்கள் அப்படியே இருக்கட்டும். கோடியக்கரைக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், ஹென்றி ஜயசேன 1967இல் இதே நாடகத்தைச் சிங்களத்தில் ‘ஹுணுவடயே கதாவ’ என்று போட்டார். தானே அஸ்டாக், மனைவி மானெல் குரூஷா. அங்கே அது கிராமம் வரைக்கும் போய், பல்லாண்டு ஓடியது. குரூஷா அங்கேயும் குரூஷாதான். அந்நியப் பெயரால் கூட்டம் ஓடிவிடும் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சாக்கு.

தரையில் போடும் வட்டம்

இனி வேலைக்கு வருவோம். நம் ஊர்களில் கலையரங்கம் என்றால் நாலடி உயர சிமென்ட் மேடை. கூட்டம் கீழே பாயில். அங்கே வட்டம் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. கீழே உட்கார்ந்தவன் கண்ணுக்கு மேடையின் தளம் தெரிவதில்லை, நடிகரின் முழங்காலுக்கு மேல்தான் தெரியும். நாடகத்தின் பெயரே தரையில் போடும் ஒரு கோடு. அது தெரியாவிட்டால் பிறகு என்ன? ஆகவே மேடையை விட்டு இறங்குங்கள். தரையில், மூன்று பக்கமோ நான்கு பக்கமோ ஆள் சுற்றி உட்கார ஆடுங்கள். லண்டனில் 1997இல் சைமன் மக்பர்னி நேஷனல் தியேட்டரில் போட்டபோது நாற்புறமும் பார்வையாளரை உட்கார வைத்தே போட்டார். அவரிடம் அதற்கு ஆயிரம் வசதி இருந்தது; நமக்கு ஒரு களத்துமேடு போதும்.

வெண்கட்டி மண்ணில் எழுதாது. ஜமுக்காளத்திலும் எழுதாது, நடிகரின் கால் பட்டாலே போய்விடும். கல் மாவுக் கோலப்பொடிதான் சரி. அரிசி மாவு வேண்டாம், விளக்கடியில் மஞ்சளடிக்கும், எறும்பும் வரும். மாலையிலேயே தரைக்குச் சாணம் தெளித்துவிட்டால் மண் கறுத்து, கோடு பளிச்சென்று எழும்பும், புழுதியும் அடங்கும். வட்டம் குறுக்கே ஐந்தடியிலிருந்து ஆறடிக்குள் இருக்க வேண்டும். எட்டடி போட்டால் இழுக்கிறவர்கள் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுவார்கள், வெளியே இழுப்பது என்ற பேச்சே அடிபட்டுப்போகும். நாலடி என்றால் குழந்தையை நிறுத்திய உடனே முடிந்துவிடும். பிரதியில் வட்டத்தைப் போடுவது போலீஸ்காரன் ஷாவ்வா, அஸ்டாக் அல்ல. இரண்டு முறை இழுக்க வேண்டும், நடுவில் கோடு கலையும். கலைந்ததைத் திருத்த ஆள் அனுப்பாதீர்கள். அப்படியே விட்டால்தான் இரண்டாம் முறை வலிக்கும்.

குழந்தைக்கு முதல் பாதியில் பொம்மை, கடைசிக் காட்சியில் உண்மைக் குழந்தை. பொம்மையில் தவறுகிறவர்கள்தான் அதிகம். பஞ்சு அடைத்த பொம்மையைத் தூக்கி வரும் நடிகையின் தோள் இறங்காது, நடை மாறாது. உமியும் மணலும் கலந்து மூன்று கிலோவுக்குத் தைக்கச் சொல்லுங்கள். தலைப்பக்கம் கனம் கூட இருக்க வேண்டும், அப்போதுதான் கை தானாகக் கழுத்தின் கீழ் போகும். குரூஷா தப்பிப்போய்த் தங்கும் வடக்கு மலைக் காட்சிகளுக்கு அதைவிடப் பெரிதாக, ஐந்து கிலோவுக்கு இன்னொன்று. ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே அதைச் சுமக்க வேண்டும். கடைசி வாரம் கையில் கொடுத்தால் நடிகை பொம்மையைத்தான் கவனிப்பார். பிரெக்ட் குரூஷாவுக்கு மனதில் வைத்திருந்தது ப்ரூகெல் வரைந்த முரட்டுப் பெண்ணின் ஓவியத்தை, கும்பிடத் தோன்றும் தாயை அல்ல. அந்த முரட்டுத்தனம் பாதி பொம்மையின் கனத்திலிருந்தே வரும்.

குரூஷா குழந்தையோடு கடக்கும் அறுந்த தொங்குபாலத்துக்கு மேடை கட்டிக் கயிறு தொங்கவிடுகிறவர்கள் உண்டு. ஆபத்து, உயரத்தில் பேசுகிற குரலும் காற்றில் போய்விடும். இருபதடி வடக்கயிறு இரண்டு, நுனிக்கு ஒருவராக நாலு பேர். இழுத்துப் பிடித்த கயிறுகளை நடுவழியில் ஒரு ஜாண் தளர்த்தினால் போதும், கூட்டம் மூச்சைப் பிடிக்கும். ஓடைக்கு இருபுறமும் நின்று குரூஷாவும் அவளுக்கு நிச்சயித்த சிப்பாய் சைமனும் பேசும் காட்சி இன்னும் எளிது. எட்டு முழ வேட்டி இரண்டை நீளவாக்கில் முனையோடு முனை சேர்த்துத் தைத்துத் தரையில் விரியுங்கள். அகலம் நாலடிதான் இருக்கும், தாண்டிவிடலாம். தாண்ட முடிந்தும் தாண்டாமல் நிற்பதுதான் காட்சி. அகலத்தைக் கூட்டினால் நடிகர்கள் கத்துவார்கள், எல்லாம் போச்சு. காற்றுக்கு வேட்டி எழும்பாமல் இருக்க ஓரத்தில் கூழாங்கல் வைத்துத் தைக்க வேண்டும்.

ஒலிதான் நம் ஊரில் பெரிய தொல்லை. மைக்செட்காரர் வழக்கப்படி முன்னால் மூன்று மைக்கை நிறுத்திவிடுவார். நடிகர்களும் பழக்கத்தில் அதை நோக்கியே ஓடுவார்கள், வட்டம் நடுவில் அநாதையாகக் கிடக்கும். பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் மட்டும் மைக் கொடுத்து ஓரமாக உட்கார வையுங்கள். இருநூறு பேர் சுற்றி உட்கார்ந்தால் நடிகர்களுக்கு மைக் வேண்டாம், ஜெனரேட்டரைத் தள்ளி வைத்தால் போதும். குரூஷா பேசாமல் நிற்க, அவள் நினைத்ததைப் பாடகர் பாடும் இடங்கள் முக்கியம். அந்த நேரத்தில் நடிகை பாட்டுக்கு ஏற்றபடி அபிநயம் பிடித்தால் பாட்டும் கெடும், மௌனமும் கெடும். சும்மா நிற்கப் பழகுவதற்குத்தான் அதிக ஒத்திகை தேவை.

ஆள் கணக்கைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பேசும் பாத்திரங்களே ஐம்பதுக்கு மேல். பதினாலு பேரால் ஆடலாம். 1954இல் பிரெக்டின் மனைவி ஹெலன வைகல் ஆளுநரின் மனைவியாகவும் குரூஷாவின் மாமியாராகவும் வந்தார். எர்ன்ஸ்ட் புஷ் பாடகரும் அவரே, அஸ்டாக்கும் அவரே. இந்த இரண்டு இரட்டை வேடத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆளுகிறவர்களுக்கு முகமூடி என்பதும் அங்கே செய்ததுதான். ஆனால் காகிதக் கூழ் முகமூடி நம் ஈரக்காற்றிலும் வேர்வையிலும் ஒரு மணி நேரத்தில் ஊறித் தொங்கிவிடும். பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையில் அடுக்கி ஒட்டிய அரை முகமூடி தாங்கும். வாய் திறந்திருப்பதால் வசனமும் தெளிவாக விழும். எலிக்கு எட்டாமல் வைக்க வேண்டும், பசை அதற்குப் பிடிக்கும்.

முதல் காட்சியை எங்கே வைப்பது? கூட்டத்துக்குள்தான். ஆட்டுக்காரர்கள் ஒரு பக்கப் பாயிலும் பழத்தோட்டக்காரர்கள் எதிர்ப்பக்கப் பாயிலும், ஊர்க்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்தே பேசட்டும். பாலாடைக்கட்டி நிஜமாகவே கைமாறட்டும், பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு துண்டு. அணையின் வரைபடத்தைத் தாளில் விரித்தால் பத்துப் பேருக்குத்தான் தெரியும். அந்தப் பெண் அதையும் கோலப்பொடியால் தரையில் போடட்டும்: ஏரி, கரை, கால்வாய். அந்தக் கோட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ‘அதுக்குக் கீழே?’ என்று கேட்டுவிட்டால், நடிகர்கள் பதில் சொல்லிச் சமாளிக்கக் கூடாது. பிரதியில் அதற்குப் பதில் கிடையாது. கேட்டதைக் கேட்டதாகக் காட்டிக்கொண்டு, அடுத்த வசனத்துக்குப் போக வேண்டும். அதிகாரியாக நடிப்பவருக்கு மட்டும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் உரிமை தரலாம்.

எப்போது போடுவது என்பதில் அவசரம் வேண்டாம். மேட்டூர் திறக்கும் வாரத்தில் போட்டால் கூட்டம் வேறு கவலையில் இருக்கும். தை அறுவடை முடிந்தவுடன் வயல் காலியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள், யாரும் மிதிக்க விடமாட்டார்கள். பயறு பிடுங்கி முடியப் பங்குனி ஆகும். சித்திரையில் வயல் காய்ந்து கட்டாந்தரையாக இருக்கும், பரீட்சையும் முடிந்திருக்கும், ஊரில் ஆள் இருக்கும். வெக்கை அடங்க இரவு ஒன்பதுக்கு மேல் தொடங்கி, குரூஷா பாலத்தைக் கடந்ததும் இருபது நிமிடம் இடைவேளை விட்டால், அஸ்டாக் வந்து சேரும்போது பதினோரு மணி இருக்கும். பாலாடைக்கட்டியை மட்டும் தஞ்சாவூரிலேயே வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். சின்ன ஊர்க் கடைகளில் நம்பிப் போக முடியாது.